போதும் என்று யார் சொல்வது, எப்போது சொல்வது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: மென்பொருளைச் சோதிப்பதை எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு அதை வெளியிடலாம்? ஆகவே இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளராகப் பணிபுரிகிறேன். ஒவ்வொரு ரிலீஸின்போதும் மேலாளர் என்னிடம் கேட்பது "டெஸ்டிங் முடிந்துவிட்டதா?" என்பதைத்தான். முடிந்தது என்று சொன்ன பிறகு வாடிக்கையாளரிடம் ஒரு பிழை வெளிப்பட்டால் பழி என்மேல் விழுகிறது. முடியவில்லை என்றால் தாமதத்துக்கு நானே காரணம் என்கிறார்கள். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் "முடிந்தது" என்று எப்போது சொல்ல முடியும்?
– சோதனையாளர் ஒருவர்

பதில்: அப்படிச் சொல்லக்கூடிய நாள் வரவே வராது. இதை உங்கள் மேலாளரிடம் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். இரண்டு முழு எண்களைக் கூட்டித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் 32 பிட் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள்) அளவுடையது என்றால், அதற்குள் கொடுக்கக்கூடிய எண் இணைகள் 2-இன் 64ஆம் அடுக்கு. வினாடிக்கு நூறு கோடி இணைகளைச் சோதிக்கும் கணினி உங்களிடம் இருந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் பிடிக்கும். வெறும் கூட்டலுக்கே இந்த நிலை. பல திரைகளும், தரவுத்தளமும், வந்து போகும் இணைய இணைப்பும், ஒரே நேரத்தில் உள்நுழையும் ஆயிரக்கணக்கான பயனர்களும் கொண்ட ஒரு மென்பொருளின் எல்லா நிலைகளையும் பார்த்துவிட்டோம் என்று எவராலும் சொல்ல இயலாது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டெய்க்ஸ்ட்ரா 1970 வாக்கிலேயே எழுதிவிட்டார்.

மேலாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. இன்றே வெளியிட்டால் யாருக்கு என்ன கேடு நேரலாம், இன்னும் ஒரு வாரம் சோதித்தால் அந்தக் கேடு எவ்வளவு குறையும், ஏதேனும் தவறிவிட்டால் எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்பவற்றை வைத்துத்தான் அவரால் ஒரு முடிவுக்கு வர இயலும். "முடிந்ததா" என்று அவர் கேட்கும்போது இவற்றுக்கான பதில்களை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். எவற்றைச் சோதித்தோம், எவற்றைச் சோதிக்க நேரமோ கருவியோ கிடைக்கவில்லை, திறந்த நிலையில் உள்ள பிழைகளில் பயனரை உண்மையில் பாதிக்கக்கூடியவை எவை, எந்தப் பகுதியைப் பற்றி உங்களுக்கு உள்ளூர நம்பிக்கை இல்லை, ஏன் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலான அறிக்கைகள் விட்டுவிடுகின்றன. நடத்திய டெஸ்ட் கேஸ்கள் எத்தனை, தேறியவை எத்தனை என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும். பார்க்காமல் விட்டது எது என்ற ஒரு வரி இருக்காது. முடிவெடுப்பவருக்கு மிக அதிகமாகப் பயன்படும் வரி அதுதான்.

எந்த நிலையை எட்டினால் நிறுத்துவோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே, தேதியின் நெருக்கடி யாரையும் அழுத்தாத நேரத்தில், அனைவரும் கூடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் எழுதப்படும் நிபந்தனை அந்த வாரத்தின் களைப்புக்கும் அவசரத்துக்கும் ஏற்றாற்போல்தான் அமையும். "தீவிரமான பிழை எதுவும் இருக்கக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எது தீவிரம் என்ற வாக்குவாதத்திலேயே ரிலீஸுக்கு முந்தைய இரவு போய்விடும். பயனர் தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றிச் செய்து முடிக்க வேண்டிய பணிகள் இவை, தரவு இழப்பு, தவறான தொகை, பிறர் தகவல் தெரிந்துவிடுதல் ஆகியவற்றில் ஒன்றுக்கு வழிவகுக்கும் ஒரு பிழை இருந்தாலும் வெளியீடு நிற்கும், பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுவதை உண்மையான தரவின் அளவிலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதுபோல், சரிபார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வடிவில் எழுதுங்கள். பின்னர் ஒரு நிபந்தனையைத் தளர்த்த நேரிடலாம், அதில் தவறில்லை. ஆனால் தளர்த்தியவரின் பெயரும் காரணமும் அந்தத் தாளிலேயே பதிவாக வேண்டும்.

ஒரு நிபந்தனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்த விடாதீர்கள் என்பேன்: எந்த பில்டைச் (நிரலிலிருந்து உருவாக்கிய இயங்கும் பதிப்பைச்) சோதித்தோமோ அதே பில்டைத்தான் வெளியிட வேண்டும். வாரக்கணக்கில் சோதித்த பின்னர், "ஒரே ஒரு வரிதான்" என்று கடைசி மாலையில் நுழைக்கப்படும் திருத்தம், நீங்கள் அதுவரை சேர்த்த அறிவில் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடுகிறது. அந்தத் திருத்தம் எதையெல்லாம் தொடுகிறது என்று பார்த்து, முன்பு சரியாக இருந்தவை கெட்டுவிடவில்லையா என்று பார்க்கும் ரிக்ரஷன் சோதனைகளை மீண்டும் நடத்த நேரம் இல்லையென்றால், அந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டும். இல்லாவிட்டால் வெளியீட்டைத் தள்ளிப்போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வெளியிடலாம் என்று சொல்வது உங்கள் பொறுப்பன்று. வருமானம், போட்டி, ஒப்பந்தம் எனச் சோதனையாளரின் பார்வைக்கு வராத பலவற்றை எடைபோட வேண்டியவர் அந்த மென்பொருளுக்குப் பொறுப்பான மேலாளர். அவர் அறியாமல் முடிவெடுத்தார் என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்வதே உங்கள் கடமை.

கேள்வி: புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பிழைகளின் எண்ணிக்கை வாரந்தோறும் குறைந்து, வரைபடத்தில் கோடு சமமாகிவிட்டால் சோதனையை நிறுத்தலாம் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். இது சரியா?
– பொறியியல் மாணவி

பதில்: அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி நிறுத்திவிடக் கூடாது. பிழைகள் தீர்ந்துபோனால் கோடு சமமாகும். சோதனையாளர்களில் இருவர் வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றப்பட்டாலும் அது சமமாகும். ஏற்கெனவே தேறிய டெஸ்ட் கேஸ்களையே திரும்பத் திரும்ப ஓட்டினாலும், லாகின் திரையில் உள்ள ஒரு பிழை உள்ளே போகவே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தாலும் கோடு அப்படியேதான் தோன்றும். எனவே கோடு ஏன் சமமாகியது என்று கேட்டு, அந்த வாரத்தில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பகுதிகளில் புதிய முயற்சிகள் செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் எத்தனை பிழைகள் மீதமிருக்கலாம் என்று மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. குளத்தில் உள்ள மீன்களை எண்ணுவதற்கு உயிரியலாளர்கள் கையாளும் முறை அது. சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிட்டு, இரண்டாவது முறை வலை வீசும்போது அடையாளமிட்டவை எத்தனை அகப்படுகின்றன என்று பார்ப்பார்கள். மென்பொருளில், இரண்டு சோதனையாளர்கள் ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமல் ஒரே பகுதியைச் சோதிக்கட்டும். ஒருவர் 30 பிழைகளையும் மற்றவர் 24 பிழைகளையும் கண்டு, அவற்றில் 18 பிழைகள் இருவருக்கும் பொதுவாக இருந்தால், முப்பதை இருபத்து நான்கால் பெருக்கிப் பதினெட்டால் வகுக்க, மொத்தம் 40 என்ற மதிப்பீடு கிடைக்கும். இருவரும் சேர்ந்து கண்டவை 36. ஆகவே மீதம் நான்கு அளவில் இருக்கலாம். அதே 30, அதே 24, ஆனால் பொதுவானவை ஆறே ஆறு என்றால் மதிப்பீடு 120 ஆகிவிடுகிறது; கண்டவை 48, காணாதவை 72. இரண்டாவது நிலையில் கோடு எவ்வளவு சமமாக இருந்தாலும் நிறுத்தக் கூடாது. எல்லாப் பிழைகளும் ஒரே அளவு எளிதில் அகப்படும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில், எளிதாகத் தென்படுபவையே இருவர் கண்ணிலும் படும் என்பதால் மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகவே வரும். இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

மீதமுள்ளவற்றின் எண்ணிக்கையைவிட அவற்றின் தன்மைக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் எட்வர்ட் ஆடம்ஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிறுவன மென்பொருள்களில் காணப்பட்ட பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒவ்வொன்றும் 5000 ஆண்டு இயக்கத்துக்கு ஒருமுறை மட்டுமே வெளிப்படக்கூடிய அளவுக்கு அரிதானவை என்றும், பயனர்கள் சந்தித்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மிகச் சிறிய பங்குப் பிழைகளே காரணம் என்றும் காட்டினார். அரிதான பிழை ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் செலவிடுவது பல மென்பொருள்களுக்கு வீண் வேலை. நாள்தோறும் எல்லோரும் கடந்து செல்லும் பாதையில் உள்ள ஒன்றைத் தவறவிடுவது எந்த மென்பொருளுக்கும் பொறுக்க முடியாத குறை. கடைசியாகக் கண்டெடுக்கப்பட்ட பத்துப் பிழைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவை மூலை முடுக்குகளில் கிடைத்தவையா, நடைபாதையில் கிடைத்தவையா என்பதே கோட்டின் சரிவைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஆட்டோமேஷன் சோதனைகள் அனைத்தும் பச்சை (தேறிவிட்டன), கோட் கவரேஜ் (சோதனையின்போது ஓடிய நிரல் வரிகளின் பங்கு) 90 சதவீதத்துக்கு மேல். இதற்குப் பிறகும் எங்கள் சோதனைக் குழு தயங்குகிறது. தயக்கம் நியாயமா?
– புராஜெக்ட் மேலாளர்

பதில்: நியாயமாகவே இருக்கலாம். சோதனையின்போது எந்த வரிகள் ஒருமுறைகூட ஓடவில்லை என்பதைக் கவரேஜ் உறுதியாகச் சொல்லும். ஓடிய வரிகள் சரியாக ஓடினவா என்பதை அது சொல்லாது. எழுதப்படாமல் விடுபட்ட வரியைப் பற்றி அதற்குத் தெரியவே தெரியாது.

1996 ஜூன் 4ஆம் நாள் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய ஏரியான் 5 ராக்கெட் 40 வினாடி அளவிலேயே திசைமாறிச் சிதறியது. அதன் நிலையறி கருவியில் இருந்த மென்பொருள் புதிதாக எழுதப்பட்டது அன்று. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இல் பல முறை பறந்து பழகியது. புதிய ராக்கெட் கிடைமட்டத்தில் அதைவிட வேகமாகச் செல்லக்கூடியது என்பதால், 64 பிட் மிதவைப் புள்ளி (தசம) எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் போயிற்று. மாற்றாக வைக்கப்பட்டிருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. அந்தக் கணக்கீடு ராக்கெட் கிளம்பிய பின் ஏரியான் 5க்குத் தேவைப்படவே இல்லை என்பது இன்னும் வருத்தத்துக்குரியது. விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய குறைகளில் முக்கியமானது, புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதையைக் கொண்டு அந்தக் கருவியைச் சோதிக்கவே இல்லை என்பது. கவரேஜ் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் இந்த இடைவெளி அதில் தெரிந்திருக்காது.

உங்கள் குழுவினரிடம் தயக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். "ஏனோ சரியாகப் படவில்லை" என்று அவர்கள் சொன்னால் அதைத் தள்ளிவிடாமல், அந்த உணர்வு எந்தத் திரையில், எந்தத் தரவில் வந்தது என்று கேட்டு, அங்கே ஒரு நாள் தன் விருப்பப்படி தோண்டிப் பார்க்க அனுபவமுள்ள ஒருவரை அனுமதியுங்கள். அந்த ஒரு நாளில் ஒன்றும் கிடைக்காவிட்டால் தயக்கம் தானாகவே தீர்ந்துவிடும்.

கேள்வி: வெளியீட்டுத் தேதியை வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிட்டோம். பட்டியலில் இன்னும் நாற்பது பிழைகள் திறந்திருக்கின்றன. தெரிந்தே பிழைகளுடன் வெளியிடுவது முறைதானா?
– சிறு மென்பொருள் நிறுவன உரிமையாளர்

பதில்: தெரிந்த பிழை ஒன்றுகூட இல்லாமல் வெளிவரும் பெரிய மென்பொருள் என்று ஒன்று இல்லை. ஆகவே நாற்பது என்ற எண்ணிக்கை என்னைக் கவலைக்குள்ளாக்கவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக யாரேனும் அண்மையில் படித்தார்களா என்பதே என் கவலை.

இதில் உலகில் இரண்டு மரபுகள் உண்டு. டெபியன் இயங்குதளக் குழு, தயாரானதும் வெளியிடுவோம் என்ற கொள்கை உடையது. பிழைகளில் சில தரங்களை வெளியீட்டைத் தடுப்பவை என்று முன்பே வரையறுத்து, புதிய மாற்றங்களை ஏற்பதைப் படிப்படியாக நிறுத்தி, அந்தப் பட்டியலைக் கரைத்த பின்னரே வெளியிடுவார்கள். இதன் விலை காத்திருப்பு. 2002 ஜூலையில் வந்த பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோ ஏறத்தாழக் காலக்கெடுவை ஒட்டியே நடக்கிறது. இரண்டு வாரம் புதிய அம்சங்களை ஏற்ற பின் கதவு மூடப்படும். அதன்பின் இறுதி வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்ப்பதற்கான வெளியீட்டு வேட்பாளர் பதிப்புகள் வாரம் ஒன்றாக வரும். வழக்கமாக ஏழாவது அல்லது எட்டாவது பதிப்புக்குப் பின் இறுதி வெளியீடு. தயாராகாத அம்சம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்.

உங்களுக்குத் தேதி நிலையானது என்பதால் இரண்டாவது மரபே ஏற்றது. ஆனால் அதன் நிபந்தனையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். தேதியை மாற்றாமல் வைத்தால் அம்சங்கள் குறைய வேண்டும். தேதியும் மாறாது, அம்சங்களும் குறையாது என்றால், சுருங்குவது சோதனை மட்டுமே. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டபோது நேர்ந்ததும் இதுதான். தளம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருங்கே இயங்குகிறதா என்ற முழுச் சோதனை கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்ததாரர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் பின்னர் கூறினர். முதல் நாளிலேயே தளம் தடுமாறிப் பெரும்பாலோரால் பதிவே செய்ய முடியாமல் போனது.

நாற்பதையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் இது யாருக்கு நேரும், எவ்வளவு அடிக்கடி நேரும், நேர்ந்தால் அவர் தம் வேலையை வேறு வழியில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். எழுத்துப் பிழையும் நகர்ந்துபோன பொத்தானும் காத்திருக்கட்டும். மாற்று வழி உள்ளவற்றை வெளியீட்டுக் குறிப்பில் மறைக்காமல் எழுதி, அந்த வழியையும் சொல்லிவிடுங்கள். பயனர்கள் தாங்களே தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கும் பிழையை மன்னிப்பதைவிட, முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிழையை எளிதாக மன்னிப்பார்கள். கடைசி வாரத்தில் தீவிரம் குறைத்துக் குறிக்கப்பட்டவற்றைத் தனியாக எடுத்து வைத்து நீங்களே படியுங்கள். "பிளாக்கர் (வெளியீட்டைத் தடுக்கும் பிழை) இருந்தால் வெளியிடக் கூடாது" என்ற விதி இருக்கும் இடத்தில், பிழை திருத்தப்படாமல் அதன் பெயர் மட்டும் திருத்தப்படுவது நடக்கும்.

"மீண்டும் நிகழவில்லை" என்று மூடப்பட்டவற்றையும் அதே கூட்டத்தில் திறந்து பார்க்கச் சொல்வேன். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பொதுவான வளத்தைப் பிடித்து வைத்திருக்க, இடைநிலைப் பணிகள் அதை ஓடவிடாமல் செய்ய, முன்னுரிமை மிக்க பணி காத்துக் கிடந்ததே காரணம். பூமியில் சோதித்தபோதே இத்தகைய மறுதொடக்கம் ஓரிரு முறை தென்பட்டிருந்தது. திரும்ப வரவழைக்க முடியாததால் அது பின்தள்ளப்பட்டது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தது அவர்கள் திறமை. ஆனால் விளக்கம் கிடைக்காத ஒன்று, விளக்கம் கிடைத்த பத்தைவிடப் பெரிய ஆபத்தாக இருக்கலாம் என்பதை உங்கள் நாற்பதின் பட்டியலிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொத்தத் திட்டக் காலத்தில் எத்தனை சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும்?
– அணித் தலைவர் ஒருவர்

பதில்: எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும் சதவீதம் எதுவும் கிடையாது. எந்தச் சதவீதத்தை ஒதுக்கினாலும் அதைக் கால அட்டவணையின் கடைசியில் மொத்தமாக வைக்காதீர்கள். நிரலாக்கம் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அங்கிருந்துதான் கழிக்கப்படும்.

கேள்வி: இன்று எல்லாமே இணையம் வழியாகத்தானே போகிறது? வெளியிட்டுவிட்டு, பிழை வந்தால் அடுத்த மணி நேரத்தில் அப்டேட் அனுப்பிவிடலாம். வாரக்கணக்கில் சோதிப்பது பழைய காலத்துப் பழக்கமில்லையா?
– செயலி உருவாக்குநர்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி, அதுவும் முக்கியமான பாதி. திரும்பப் பெறுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு முன்னதாகச் சோதனையை நிறுத்தலாம். ஒரு திரையின் வண்ண மாற்றத்தை நூறு பயனர்களில் ஒருவருக்கு மட்டும் காட்டி, கோளாறு தெரிந்தால் ஒரு சுவிட்சை அணைத்துப் பழைய திரையைக் கொண்டுவர முடியும் என்றால், அதற்கு வாரக்கணக்கில் சோதனை தேவையில்லை. உண்மையான பயனர்களிடமிருந்து கிடைக்கும் தகவல் உங்கள் ஆய்வகத்தில் கிடைக்காது.

ஆனால் "அடுத்த மணி நேரத்தில் அப்டேட்" என்பது, அப்டேட்டைப் பெறும் நிலையில் அந்தக் கருவி இருந்தால்தான் நடக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஓர் உள்ளடக்கக் கோப்பு (அச்சுறுத்தல்களை அடையாளம் காணும் விதிகள் கொண்ட கோப்பு) உலகெங்கும் விண்டோஸ் கணினிகளை முடக்கியது; மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள். தவறான கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் விழுந்துவிட்ட கணினிகளோ சரியாக எழவே முடியாததால், பல இடங்களில் ஒவ்வொன்றின் முன்பும் ஒருவர் அமர்ந்து கையால் மீட்க வேண்டியிருந்தது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மென்பொருள் 20 மட்டுமே கொடுத்தது. முந்தைய சோதனைகளில் 21ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்ற மதிப்பே இருந்ததால் இந்த முரண் வெளிப்படவில்லை. இத்தனையும் இருந்தும், அந்தக் கோப்பை முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிச் சற்றுநேரம் பார்த்திருந்தால் சேதம் அந்தச் சிலரோடு நின்றிருக்கும். நிரலைப் படிப்படியாக வெளியிடும் பல நிறுவனங்கள், அமைப்புக் கோப்புகளையும் உள்ளடக்கக் கோப்புகளையும் ஒரே நொடியில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகின்றன. உங்களிடமும் அப்படி ஒரு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரோல்பேக் செய்துவிடலாம், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்பதையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியபோது ஒன்று விடுபட்டுப் போனது. புதிய நிரல் பயன்படுத்திய அடையாளக் குறி, அந்த ஒரு சர்வரில் நெடுங்காலமாக உறங்கிக் கிடந்த பழைய நிரலைத் தட்டி எழுப்பியது. பதறிப்போய்ச் சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள்; அதனால் அந்த ஏழிலும் பழைய நிரல் எழுந்துகொண்டு நிலைமை மேலும் மோசமாயிற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் இழப்பு 40 கோடி டாலரைத் தாண்டியது. பின்வாங்கும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்த பின்னரே அதை நம்பிச் சோதனைக் காலத்தைக் குறைக்கலாம்.

திரும்பப் பெறவே முடியாதவையும் உண்டு: அனுப்பப்பட்ட பணம், அனுப்பப்பட்ட மின்னஞ்சல், புதிய வடிவுக்கு மாற்றிப் பழையதை அழித்துவிட்ட தரவு, வெளியே கசிந்த தனிப்பட்ட தகவல். உங்கள் செயலியில் இவற்றைத் தொடும் பகுதிகளை மட்டும் பழைய காலத்துப் பழக்கப்படியே சோதியுங்கள். மற்றவற்றில் நீங்கள் விரும்பும் வேகத்தில் செல்லலாம்.

கேள்வி: நோயாளியின் உடலோடு இணைக்கப்படும் கருவி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஆயிரம் மணி நேரம் தொடர்ந்து ஓடியும் ஒரு கோளாறும் இல்லை. இது போதுமா?
– கருவிப் பொறியாளர்

பதில்: போதாது; எவ்வளவு போதாது என்பதைக் கணக்கிடவும் முடியும். உண்மையான பயன்பாட்டை ஒத்த சூழலில் நடத்திய சோதனைகளில் ஒருமுறைகூடக் கோளாறு நேரவில்லை என்றால், கோளாறு நேரும் வீதத்தின் மேல்வரம்பை 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்ல, மூன்றைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஆயிரம் மணி நேரம் என்றால் ஆயிரத்தில் மூன்று. அதாவது ஏறத்தாழ 333 மணி நேரத்துக்கு ஒரு கோளாறு என்ற நிலையைக்கூட உங்கள் சோதனையால் மறுக்க முடியாது. ஒரு வார்டில் பத்துக் கருவிகள் இரவும் பகலும் ஓடினால் இரண்டு நாள்களுக்குள் இத்தனை மணி நேரம் சேர்ந்துவிடும். விமானத் துறையில் பேரழிவுக்கு வழிவகுக்கும் கோளாறு நூறு கோடிப் பறக்கும் மணிக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதை ஒரே கருவியை ஓடவிட்டுச் சோதித்து நிறுவ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் வேண்டும். இத்தகைய அளவுகளைச் சோதனையால் மட்டும் நிறுவ இயலாது என்று நாசாவின் பட்லர், ஃபினெல்லி ஆகியோர் 1990களின் தொடக்கத்திலேயே விளக்கினார்கள்.

எனவே உங்கள் துறையில் "எப்போது நிறுத்துவது" என்ற கேள்விக்குச் சோதனை அறைக்குள் விடை கிடைக்காது. மென்பொருள் தவறினாலும் நோயாளிக்குக் கேடு வராதபடி கருவியை வடிவமைத்திருக்கிறோமா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் அதனால் இறந்தார்கள். கருவியை இயக்கிப் பழகிய ஊழியர் ஒருவர் தட்டெழுதியதை விரைவாகத் திருத்தும்போது மட்டும் வெளிப்படும் பிழை அதில் ஒன்று. மெதுவாகத் தட்டெழுதிப் பார்த்த சோதனைகளில் அது வெளிப்படவில்லை. இதே பிழை முந்தைய மாதிரியான தெராக்-20இலும் இருந்தது. அங்கே மின்னியந்திரப் பூட்டுகள் தனியாக இருந்ததால் எவருக்கும் காயம் நேரவில்லை. புதிய மாதிரியில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள்.

உங்கள் கருவியில் மென்பொருளைச் சாராத அத்தகைய தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆபத்து ஒவ்வொன்றும் எந்தத் தேவைக் குறிப்பில் கையாளப்பட்டது, அது நிரலின் எந்தப் பகுதியில் உள்ளது, எந்தச் சோதனை அதைக் காட்டுகிறது என்று தொடர்ச்சியாகக் காட்ட முடிய வேண்டும். மருத்துவக் கருவி மென்பொருளுக்கான, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62304 தரமும் கேட்பது இதைத்தான். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், ஓடிய மணி நேரம் எவ்வளவானாலும், வெளியிட வேண்டாம்.

கேள்வி: வெளியிட வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தும் வெளியிட்டுவிட்டார்கள். இனி நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
– சோதனையாளர்

பதில்: நிறைய உண்டு. நீங்கள் எந்தப் பகுதியைக் கண்டு அஞ்சினீர்களோ அது வெளியே தவறினால் முதலில் எங்கே தெரியும் என்பது உங்களைவிட வேறு யாருக்கும் தெரியாது. எந்தப் பிழைச் செய்தி பதிவேட்டில் பெருகினால் கவலைப்பட வேண்டும், எந்த எண்ணிக்கை எவ்வளவு சரிந்தால் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதி, சர்வர்களைக் கவனிப்பவரிடம் வெளியீட்டு நாளன்றே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் முதல் சில மணி நேரம் அவரோடு அமர்ந்திருங்கள்.

வாடிக்கையாளர் கண்ட ஒவ்வொரு பிழைக்கும், எந்தச் சோதனை இருந்திருந்தால் இது அகப்பட்டிருக்கும், அந்தச் சோதனை ஏன் இல்லாமல் போயிற்று என்று குறித்து வையுங்கள். பிழையே வராமல் போனாலும், நீங்கள் அஞ்சியது ஏன் நிகழவில்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் அளவுகோல் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்திருக்கலாம். அடுத்த ரிலீஸின் நிறுத்த நிபந்தனைகளை இந்தக் குறிப்புகளிலிருந்து எழுதினால் வாக்குவாதம் பெருமளவு குறையும்.

உங்கள் ஆலோசனையை ஏற்காமல் விடுவது நிர்வாகத்தின் உரிமை. ஆனால் நடத்தாத சோதனையை நடத்தியதாக எழுதச் சொன்னாலோ, பயனரின் உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்தான ஒன்றை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னாலோ, அதற்கு உடன்பட வேண்டாம். மறுப்பை வாய்மொழியாக விட்டுவிடாமல், தேதியிட்டு மின்னஞ்சலில் எழுதி, உங்கள் மேலாளருக்கும் அவருக்கு மேல் உள்ளவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.